வீடு போய்ச் சேர்ந்தவனே வென்றவன்

மாலை ஆறரை மணிக்குத் தாதரில் கல்யாண் விரைவு வண்டி ஏறுகிறவர்களுக்கு நாலாவது சீட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேருக்கான பலகையில் நாலாவது ஆள் ஒரு சாண் இடத்தில் தொற்றிக்கொள்வது மும்பையின் எழுதாத சட்டம். அந்த ஒரு சாண் இடத்தில்தான் பல சண்டைகள் பிறக்கின்றன. ஒருவர் நகரச் சொல்கிறார். மற்றவர் நகர மறுக்கிறார். குர்லாவில் வார்த்தை தடிக்கிறது. காட்கோபரில் சட்டைக் காலரில் கை விழுகிறது. தாணா வருவதற்குள் ஒருவர் மூக்கிலிருந்து ரத்தம் வழிகிறது.

இடத்துக்காகச் சண்டை போட்ட இருவருமே அதன் பிறகு உட்கார்ந்து போவதில்லை. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மற்றவர் ரயில்வே போலீஸ் நிலையத்துக்குப் போகிறார். அந்த இடத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்.

பிழைக்க வந்த ஊரில் சண்டையில் ஜெயித்தவனும் தோற்றவனே. இதை ஏதோ உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தாலே விளங்கும்.

ஓர் அறைக்கு எவ்வளவு விலை?

தாராவியில் கூலி வேலை செய்கிறவர் ஒருவர் கோபத்தில் ஒருவன் முகத்தில் குத்தி விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூடிய கையால் கெட்டியான தாடையில் குத்தினால் முதலில் உடைவது பெரும்பாலும் குத்தியவரின் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்புதான். எதிராளியின் பல் பட்டுக் கைமுட்டி கிழிந்தால் அது சீழ் பிடிக்கும். விரலையே முடக்கிவிடவும் கூடும். சில வாரங்கள் கையில் கட்டு. அத்தனை நாளும் கூலி கிடையாது. எழுத்தர் வேலை செய்கிறவருக்கும் கைதான் பிழைப்பு.

அது அவர் உடம்புக்கு வந்த செலவு. கேஸ் என்று வந்தால் செலவு இன்னும் நீளும். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சாதாரணக் காயம் விளைவித்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ அது கொடுங்காயம். ஏழு வருஷம் வரை போகும். பொது இடத்தில் இருவர் அடித்துக்கொண்டு அமைதியைக் குலைத்தால் யார் முதலில் தொடங்கினார் என்று பாராமல் இருவர் மீதும் வழக்குப் போடவும் சட்டத்தில் இடமுண்டு.

தண்டனை கிடைக்காமலே போகலாம். ஆனால் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டில் நிற்க வேண்டும். அன்றைய கூலி போயிற்று. ஊரில் தகப்பனார் காரியத்துக்குப் போயிருக்கும்போது வாய்தா தவறினால் வாரண்ட் வரும். வளைகுடா நாட்டுக்குப் போகலாம் என்று எண்ணியிருந்தவருக்கு, கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருப்பதைக் காட்டிப் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். மத்திய அரசு, ரயில்வே ஊழியராக இருந்தால் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கப்பட்டாலே தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவராகக் கருதப்படுவார். குற்றம் நிரூபிக்கப்படும் வரை அந்த விதி காத்திருப்பதில்லை.

சினிமாவில் கதாநாயகன் பத்துப் பேரைப் புரட்டி எடுக்கிறான். அடுத்த காட்சியில் பாட்டுப் பாடுகிறான். அவனுக்கு வாய்தா கிடையாது.

நாக்கில் பிறக்கும் சண்டை

வெளி மாநிலத்தில் வாழ்கிற தமிழர்களுக்கு இன்னொரு தனிச் சங்கடம் உண்டு. இந்தியையோ மராத்தியையோ அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. தெருவிலும் பட்டறையிலும் கேட்டுப் படித்தார்கள். தெருப் பாஷையில் முதலில் ஒட்டிக்கொள்வது வசவு. அந்த வசவின் எடை என்ன என்பது சொல்கிறவருக்குத் தெரிவதில்லை. சக தொழிலாளிகள் விளையாட்டாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சொல்லை அறிமுகம் இல்லாத மனிதனிடம் சொன்னால் அது அவன் தாயைத் தொடுகிறது.

வசவு மட்டுமல்ல. தமிழில் 'நீ', 'நீங்கள்' என்று இருப்பதுபோல் இந்தியிலும் 'தூ', 'தும்', 'ஆப்' என்று படிகள் உண்டு. அரைகுறை இந்திக்காரர் ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து 'தூ' என்று சொல்லிவிட்டுத் தாம் ஒன்றும் தவறாகப் பேசவில்லையே என்று நினைக்கிறார். கேட்டவரோ 'டா' போட்டதாக எடுத்துக்கொள்கிறார். பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் தமிழில் ஏதோ சொல்லிச் சிரித்தாலும் எதிரே நிற்பவர் தம்மைத்தான் கேலி செய்கிறார்கள் என்று எண்ணுகிறார்.

ஆகவே வெளியூரில் பிழைக்க வந்தவர் முதலில் படிக்க வேண்டியது வசவை அல்ல, மரியாதைச் சொல்லை. மராத்தியில் 'ஜரா சர்கா, தாதா' என்று கேட்டால் கொஞ்சம் நகருங்கள் அண்ணா என்று பொருள். 'மாஃப் கரா' என்றால் மன்னியுங்கள். 'ஜாவு த்யா' என்றால் போகட்டும், விடுங்கள். இந்த மூன்று சொற்களும் பல சண்டைகளை முளையிலேயே கிள்ளிவிடும். இந்த ஊர்க்காரரின் பாஷையில் 'தாதா' என்று அழைத்த பிறகு கை ஓங்குவது எதிராளிக்கும் கொஞ்சம் கஷ்டம்.

விலகுவது கோழைத்தனமா?

"விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் தலையில் ஏறி உட்கார்ந்துவிட மாட்டார்களா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அடிக்கு அஞ்சி அடிமையாக வாழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சட்டமும் சொல்லவில்லை. நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் ஒவ்வொருவருக்கும் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தாக்கப்பட்டவன் கோழையைப்போல் ஓடித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2010-ல் ஒரு வழக்கில் தெளிவாகவே கூறியிருக்கிறது.

ஆனால் அந்த உரிமைக்கு இரண்டு வேலிகள் உண்டு. தற்காத்துக்கொள்ள எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அடிக்கலாம். அதற்கு மேல் கூடாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. அறைய வந்த கையைத் தடுப்பதும் பிடித்தவனைத் தள்ளிவிட்டுத் தப்புவதும் தற்காப்பு. அவன் திரும்பி நடந்த பிறகு துரத்திப் போய் அடிப்பது தற்காப்பு அல்ல. அறைந்தவனைக் கட்டையால் மண்டையில் போடுவதும் தற்காப்பு அல்ல. நாளைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வருவது நிச்சயமாகத் தற்காப்பு அல்ல.

சட்டம் ஓடச் சொல்லாவிட்டாலும், ஓட வழி இருக்கும்போது ஓடுகிறவன் புத்திசாலி. ஏனென்றால் எதிராளியின் இடுப்பில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவனுக்குப் பின்னால் எத்தனை பேர் என்றும் தெரியாது. துஷ்டனைக் கண்டால் தூர விலகு என்று பெரியவர்கள் சொன்னது துஷ்டனுக்குப் பயந்து அல்ல; வீட்டில் காத்திருக்கிறவர்களை நினைத்து.

தப்ப முடியாதபோது

எவ்வளவு விலகினாலும் சில நேரம் சண்டை தேடி வரும். அப்போது செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, தூரம். கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். முகத்தோடு முகம் வைத்து முறைத்துக்கொண்டு நிற்பதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். இரண்டு கைகளையும் மார்பு உயரத்தில் தூக்கி, உள்ளங்கை தெரியும்படி விரித்து, 'வேண்டாம்' என்று சொல்வதுபோல் வைத்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சமாதானம் கேட்பது தெரியும். அடி வந்தால் தடுப்பதற்கும் கை தயாராக இருக்கும். பையில் கை விடக் கூடாது. கத்தியை எடுக்கிறான் என்று எதிராளி நினைத்துவிடுவான்.

இரண்டாவது, இடம். பிளாட்பாரத்தின் ஓரத்தில் முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. மாடிப்படியின் மேல் படியில் நிற்கக் கூடாது. வெளிச்சமும் ஜனங்களும் உள்ள திசையை நோக்கிப் பின்வாங்க வேண்டும். ஓடினாலும் டிக்கெட் கவுண்டர், கடை, போலீஸ் சவுக்கி என்று மனிதர்கள் உள்ள இடத்துக்கு ஓட வேண்டும். தண்டவாளத்தில் குதித்துத் தப்பப் பார்ப்பது அடிக்குத் தப்பி ரயிலில் மாட்டுவதாகும்.

மூன்றாவது, தலை. அடி விழத் தொடங்கினால் தாடையைக் கீழே இறக்கி, முன்கைகளால் தலையின் இரண்டு பக்கத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். கையில் படும் அடி ஆறும். கீழே விழுந்துவிட்டால் ஒருக்களித்துச் சுருண்டு, தலையையும் கழுத்தையும் கைகளால் மறைத்துக்கொண்டு, கிடைத்த முதல் இடைவெளியில் எழுந்துவிட வேண்டும். கீழே கிடப்பவனைக் காலால் உதைக்கிறார்கள். பல நேரங்களில் அதுதான் குத்தைவிடப் பெரிய காயத்தைத் தருகிறது.

நாலாவது, பொருள். கத்தியைக் காட்டிப் பணம் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். சீசன் டிக்கெட்டையும் ஆதார் அட்டையையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ரயில் வாசலில் நின்று செல்போன் பேசுகிறவர் கையில் தண்டவாள ஓரத்திலிருந்து கம்பால் அடித்து, விழுந்த போனை எடுத்துக்கொண்டு ஓடுகிற கும்பலை இந்த ஊரில் 'ஃபட்கா' கும்பல் என்பார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து போனைத் தேடிக் குதித்துக் காலை இழந்தவர்கள் உண்டு.

ஐந்தாவது, மறுநாள். ஒரே வண்டியில் ஒரே பெட்டியில் தினமும் கும்பலாகப் பயணம் செய்கிறவர்கள் உண்டு. நேற்றைய சண்டையை அவர்கள் இன்று ஞாபகம் வைத்திருப்பார்கள். சில நாட்களுக்கு வேறு பெட்டியிலோ வேறு வண்டியிலோ போனால் எந்தக் கௌரவமும் குறைந்துவிடாது.

ரயில் வாசலில் வேண்டவே வேண்டாம்

மற்ற எல்லா இடத்தைவிடவும் மோசமான சண்டைக்களம் ஓடுகிற மின்சார ரயிலின் வாசல். அங்கே ஒரு தள்ளு போதும். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே இரண்டு வண்டிகள் எதிரெதிரே கடந்தபோது வாசலில் தொங்கிக்கொண்டிருந்த பயணிகள் விழுந்து சிலர் உயிரிழந்தார்கள். வெறும் நெரிசலிலேயே அந்தக் கதி என்றால், அதே வாசலில் இருவர் கட்டிப் புரண்டால் என்ன ஆகும்? விழுந்தவன் இறந்துபோனால் தள்ளியவன் மீது வரும் வழக்கு சாதாரணக் காய வழக்கு அல்ல. ஆயுள் தண்டனை வரைக்கும் போகக்கூடியது. "தள்ளத்தான் செய்தேன், சாகட்டும் என்று நினைக்கவில்லை" என்று பிறகு அழுது பயனில்லை.

ரயில்வே சட்டத்தில் உள்ள ஒரு விஷயம் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவின்படி, ரயிலிலோ நிலைய எல்லைக்குள்ளோ வன்முறைத் தாக்குதலில் சிக்கிய பயணிக்கும், ஓடும் வண்டியிலிருந்து தற்செயலாக விழுந்தவருக்கும் நஷ்டஈடு உண்டு. ரயில்வே மீது தவறு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே அதில் எழாது. உயிர் போனால் குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய். 2017 ஜனவரி முதல் இந்தத் தொகை. காயத்துக்கு அதன் தன்மையைப் பொறுத்துத் தொகை. ரயில்வே நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் ஒரு வருஷத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். டிக்கெட்டோ சீசன் டிக்கெட்டோ சாட்சி. உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளிவிட முடியாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது.

ஆனால் அதே பிரிவில் விலக்குகளும் உண்டு. தன்னுடைய குற்றச் செயலால் அடிபட்டவருக்கும், குடிபோதையில் செய்த செயலால் அடிபட்டவருக்கும் அந்தப் பணம் கிடையாது. ஒதுங்கி நின்றபோது அடிபட்டவரின் குடும்பத்துக்குக் கிடைக்கிற தொகை, கைகலப்பில் இறங்கியவரின் குடும்பத்துக்குக் கிடைக்காமலே போகக்கூடும். நாலாவது சீட்டுக்கு இவ்வளவு விலையா?

விலக்கப் போனவர் வாங்கும் அடி

சண்டையில் சம்பந்தமே இல்லாமல், விலக்கப் போய் அடி வாங்குகிறவர்கள் ஏராளம். நல்லெண்ணத்தோடு இருவருக்கும் நடுவில் பாய்ந்து, இரண்டு பக்க அடியையும் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள். சிலர் தம் நண்பனைப் பின்னாலிருந்து இரண்டு கையோடும் சேர்த்துக் கட்டிப் பிடிக்கிறார்கள். எதிராளியை யாரும் பிடிக்கவில்லை. கட்டுண்டு நிற்கும் நண்பன் முகத்தில் அவன் நிம்மதியாகக் குத்துகிறான்.

விலக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. தன் ஆளைத்தான் இழுக்க வேண்டும். எதிராளியைத் தொடக் கூடாது. தொட்டால் இன்னொருவனும் சண்டைக்கு வந்துவிட்டான் என்று அவன் நினைப்பான். தன் ஆளின் தோளைப் பற்றித் திருப்பி, பின்புறமாக இழுத்துக்கொண்டு, கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட வேண்டும். நடுவில் நின்று நியாயம் பேசக் கூடாது. கத்தி இருந்தால் அருகிலேயே போகக் கூடாது. 112-க்குப் போன் செய்ய வேண்டும். ரயிலிலோ நிலையத்திலோ என்றால் 139.

அதைவிட ஆபத்தானது ஆள் கூட்டுவது. ஒருவர் அடிபட்டார் என்று செய்தி வந்ததும் அரை மணியில் இருபது பேர் கிளம்பிவிடுகிறார்கள். ஊர்ப் பாசம் பெரியதுதான். ஆனால் ஐந்து பேர் கூடி ஒருவனை அடிக்கப் போனால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்தக் கூட்டத்தின் நோக்கத்தில் ஒருவன் செய்ததற்குக் கூட இருந்த எல்லாரும் பொறுப்பு. சும்மா துணைக்கு வந்தவனும், பின்னால் நின்றவனும் அதே வழக்கில் சேர்வார்கள். கலகம் என்று ஆனால் இரண்டு வருஷம் வரை சிறை.

இன்னும் ஒரு பயங்கரம் உண்டு. இரண்டு தனி மனிதர்களின் சண்டை, ஆள் கூடியதும் இரண்டு பாஷைகளின் சண்டையாகிவிடுகிறது. 1960-களின் கடைசியில் இதே மும்பையில் தென்னிந்தியர்களுக்கு எதிராக நடந்த கிளர்ச்சியைப் பார்த்தவர்கள் இன்னும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கிறார்கள். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டிக் கர்நாடகத்தில் தமிழர்கள் அடிபட்டார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. அந்தக் கலவரங்களில் அடிபட்டவர்களில் பலர் யாரோடும் சண்டை போடாதவர்கள். கடை வைத்திருந்தவர்கள், வண்டி ஓட்டி வந்தவர்கள். ஒருவரின் கோபத்துக்கு இன்னொருவரின் கடை எரிகிறது. சண்டையைச் செல்போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். படம் போலீசுக்குச் சாட்சியாக இருக்கட்டும். ஊருக்குத் தீப்பந்தமாக வேண்டாம்.

பாஷையைக் காரணம் காட்டிக் கும்பலாகத் தாக்கினால் புதிய சட்டம் அதைத் தனிக் குற்றமாகவே கருதுகிறது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து, மொழியையோ பிறந்த இடத்தையோ காரணமாகக் கொண்டு கொடுங்காயம் விளைவித்தால் ஒவ்வொருவருக்கும் ஏழு வருஷம் வரை சிறை. உயிர் போனால் ஆயுளோ தூக்கோ. தமிழரைத் தாக்கியவருக்கும் இது பொருந்தும். தமிழர் கும்பலுக்கும் இதே சட்டம்தான்.

அடிபட்ட பிறகு

சண்டை முடிந்த பிறகு வரும் சில மணி நேரம்தான் உயிருக்குக் காவல். தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று, "ஒன்றுமில்லை" என்று சொல்லி, டீ குடித்துவிட்டு, அறைக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில மணி நேரம் கழித்து நினைவு தப்புவது உண்டு. பக்கத்தில் படுத்தவர்கள் நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனவே தலையில் பலமான அடிபட்டவரைத் தனியாக விடக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, தட்டினாலும் சரியாக எழும்பாத மயக்கம், குழறும் பேச்சு, ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பு, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல் வடிதல் - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே சயான் ஆஸ்பத்திரி, கே.இ.எம். போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆம்புலன்சுக்கு 108. அடிபட்டவருக்கு வலி தெரியாமல் இருக்கச் சாராயம் கொடுப்பது மகா தவறு. மயக்கம் போதையாலா அடியாலா என்று டாக்டருக்கே தெரியாமல் போகும்.

கத்தி உடம்பில் குத்தியபடி நின்றால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் ரத்தம் பீறிடும். ரத்தம் ஓடும் காயத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மஞ்சளும் காப்பித்தூளும் அப்ப வேண்டாம். சிறு வெட்டானாலும் டெட்டனஸ் ஊசி போட்டதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

போலீஸ் வந்தால்தான் வைத்தியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உயிருக்குப் போராடுகிறவருக்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் போலீஸ் சம்பிரதாயம் என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சொல்லிவிட்டது.

நம்மவர்கள் செய்யும் ஒரு பெரிய தவறு, போலீசுக்குப் பயந்து டாக்டரிடம் "மாடிப்படியில் விழுந்துவிட்டேன்" என்று சொல்வது. அந்தச் சீட்டில் அப்படியே எழுதப்படும். நாளைக்கு அடித்தவன் முந்திக்கொண்டு புகார் கொடுத்தால், அடிபட்டவர் கையில் அடிபட்டதற்கான சாட்சியே இருக்காது. யாரால், எதனால், எத்தனை மணிக்குக் காயம் என்பதை உள்ளபடி சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

போலீஸ் நிலையத்தில்

விட்டுக்கொடுக்க வேண்டியது சீட்டைத்தான், புகாரை அல்ல. இதுதான் முக்கியம். கையை ஓங்காதவருக்குத்தான் தலை நிமிர்ந்து புகார் கொடுக்கும் பலம் உண்டு.

ரயிலிலோ நிலையத்திலோ நடந்த அடிதடிக்கு வழக்குப் பதிவு செய்வது மாநில அரசின் ரயில்வே போலீஸ். எந்த எல்லை என்று அலைக்கழித்தாலும், பெரிய குற்றத்துக்கு எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது புதிய நடைமுறைச் சட்டம். சாதாரணக் காயத்துக்கு மும்பையில் 'என்.சி.' எழுதிக் கொடுப்பார்கள். மாஜிஸ்டிரேட் உத்தரவில்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது என்பதால் அது வெறும் காகிதம் என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. நாளைக்கு அதே ஆள் திரும்ப வந்தால், முன்பே புகார் செய்ததற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

புகாரை எழுதியதும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். மராத்தி புரியவில்லை என்றால் புரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகலை இலவசமாகப் பெறும் உரிமை உண்டு. கைது செய்யப்பட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் உள்ளவருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டு. அதற்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

சங்கங்களுக்கு ஒரு வேலை

மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை. பொங்கல் விழா நடக்கிறது, பட்டிமன்றம் நடக்கிறது, பொன்னாடை போர்த்துகிறார்கள். நல்லதுதான். அதோடு இன்னும் சில சின்ன வேலைகளைச் செய்யலாம். புதிதாக வந்த இளைஞனுக்கு மரியாதையான மராத்தியும் இந்தியும் ஒரு மாதம் சொல்லிக் கொடுக்கலாம். இரவு பத்து மணிக்குப் போன் செய்தாலும் போலீஸ் நிலையத்துக்கு வரக்கூடிய இரண்டு வக்கீல்களின் பெயரைச் சங்க வாசலில் எழுதி வைக்கலாம். ஆஸ்பத்திரியில் நம்மவருக்காகப் பேசக்கூடிய ஆட்களை ஏற்பாடு செய்யலாம். இந்த வசதி இருந்தால் அடிபட்டவன் இருபது பேருக்குப் போன் செய்ய மாட்டான். சங்கத்துக்குப் போன் செய்வான். தடியோடு போகும் இருபது பேரைவிட மனுவோடு போகும் இரண்டு பேருக்கு அதிகாரிகள் காது கொடுப்பார்கள்.

மேஸ்திரிகளுக்கும் பொறுப்பு உண்டு. சம்பள நாள் இரவில் சண்டை அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆட்களை வேலைக்கு அழைத்து வந்தவர், அன்று இரவு அவர்கள் அறைக்குத் திரும்பினார்களா என்றும் பார்க்க வேண்டும்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஊரில் இருந்தாலும் உண்மை, மும்பையில் இருந்தாலும் உண்மை. ஊரிலாவது அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போக அண்ணன் தம்பி இருப்பார்கள். இங்கே இருப்பது ஓர் அறை, நாலு கூட்டாளிகள், ஊரில் பணத்துக்குக் காத்திருக்கும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்குச் சண்டையில் யார் ஜெயித்தார் என்பது முக்கியமே அல்ல. இரவு பத்து மணிக்கு, "வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்" என்று வரும் அந்த ஒரு போன்தான் முக்கியம்.